கும்பிடுபூச்சி சொன்ன உயரம்

என் மூத்த அண்ணன் கிஹாச்சி போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் இன்னும் அவரைக் கும்பிடுபூச்சிக் கிஹாச்சி என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேரை வைத்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேர் மட்டும் போகவில்லை.

எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைகள் ஏழு. கிஹாச்சி தலைச்சன், நான் கடைசி. நடுவில் இரண்டு பேர் பால்குடியிலேயே போனார்கள். ஒருவன் போரில் போனான். ஒருத்தி பட்டு நூற்பாலைக்கு வேலைக்குப் போய் அங்கேயே இருமி இருமி முடிந்தாள். இன்னொருத்தி ஹொக்கைடோவில் வாழ்க்கைப்பட்டு, வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாள். ஆக, அப்பா வீட்டு வாசனை தெரிந்தவர்கள் என்று ஊரில் இருந்தது நானும் அண்ணனும்தான். என்னை மூன்று வீடு தள்ளி யொசாகுவுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். எனக்கும் அவருக்கும் பத்தொன்பது வயது வித்தியாசம். அவர் முன்னால் நான் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை.

எங்கள் ஊர் எச்சிகோ மலைக்குள் பதினேழு வீடு. டிசம்பர் பாதியில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல் முடியும்வரை மண்ணைப் பார்க்க முடியாது. சாதாரண வருஷத்திலேயே கீழ்த்தளத்து ஜன்னல் மூடிப்போகும். மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே போக வர. கூரையில் ஏறும் பனியை நாலு நாளைக்கு ஒரு தடவை மரத்துடுப்பால் வெட்டித் தள்ளாவிட்டால் உத்தரம் முறியும். ஆனால் எங்கள் ஊரில் கூரைமேல் செத்தவர்களைவிட கூரைக்குக் கீழ் செத்தவர்கள்தான் அதிகம். மேலே இருக்கும் பனி சொல்லிக்கொண்டு வராது. அதனால் இறவாரத்துக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், பத்தடி தள்ளி இன்னொருவர் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வலது கையைத் தூக்கிப் பிடித்திருப்பார். கை மேலே இருக்கும்வரை வேலை செய்யலாம். கை இறங்கினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பால் மறந்த பிள்ளைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும்.

குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. அப்போது தோக்கியோவில் எங்கு பார்த்தாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதை வேலைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் போய்விட்டால் கூரையை யார் பார்ப்பது? அதற்காகச் சீட்டு எடுப்பார்கள். ஆறு ஆள் ஊரில் தங்க வேண்டும். சீட்டு விழுந்தவன் வீட்டில் அந்த வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வருமானம் போயிற்றே என்று. நான் சொல்லப்போகிற குளிர்காலத்துக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு விழுந்திருந்தது. நானும் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எத்தனை ஆள் தங்க வேண்டும் என்பதை அண்ணன் சொல்லைக் கேட்டுத்தான் ஊர் முடிவு செய்யும். அண்ணன் அதைக் கும்பிடுபூச்சியிடம் கேட்டுச் சொல்வார்.

கும்பிடுபூச்சி அக்டோபரில் செடியின் தண்டில் முட்டைவைக்கும். நுரை இறுகின மாதிரி, வாதுமைக்கொட்டை அளவில் பழுப்பு நிறப் பொதி. பனி எவ்வளவு உயரம் ஏறும் என்று பூச்சிக்கு முன்னமே தெரியும், முட்டை மூழ்காத உயரம் பார்த்து வைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது அண்ணன் கண்டுபிடித்ததில்லை. ஆனால் மற்றவர்கள் போகிற போக்கில் பார்ப்பார்கள். அண்ணன் முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பின்பக்கத்து மல்பெரிச் சரிவில் ஒரு நாள் முழுக்க அலைவார். பதினைந்து பொதி அளப்பார். ரொம்ப உயரமானதையும் ரொம்பத் தாழ்ந்ததையும் விட்டுவிடுவார். மிச்சத்தைக் கூட்டி வகுத்து, சரிவைவிட ஊருக்குள் இரண்டு பங்கு பனி சேரும் என்று இரட்டித்து, இத்தனை அடி என்று சொல்வார். பெரும்பாலும் ஒட்டித்தான் வரும். ஒட்டாத வருஷங்களும் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

பள்ளிக்கூடம் நாலு வருஷம்தான் போனார். மிச்சத்தை எல்லாம் வீட்டைச் சுற்றியே படித்துக்கொண்டார். ஒரு ஜூன் மாதம் எறும்புகள் தூணில் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து அரிசி மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றினார். அந்த வாரமே ஓடை உடைந்தது. அதிலிருந்து அவர் குனிந்து எதையாவது பார்த்தால் ஊரே நின்று பார்க்கும். தோகி அண்ணிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. ஒரு தடவை சாப்பாட்டில் உப்பு கூடிப்போய், அண்ணன் உத்தரத்தைக் காட்டி, இந்தக் குருவிக் கூட்டைப் பார், ஜோடி எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது, என்று ஆரம்பித்தார். அண்ணி அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்தக் குருவி சாயங்காலமானா சாகே கேக்குதா?"

அண்ணன் இன்னொரு அகப்பை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அரிசிக் கள் கேட்கவில்லை.

ஆனால் சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. அவர்களுக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாவது போன வாரம், குருவிக் கூட்டிலிருந்து ஒரு முட்டை விழுந்து உடைந்து கிடந்தது. அண்ணன் அதைக் காட்டி, பார் தோகி, அது மறுபடியும் முட்டை வைக்கத்தானே போகிறது, என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணி எழுந்து உள்ளே போனாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பூச்சியையும் குருவியையும் பார்த்து வாழ்க்கையைப் படிக்கிறவருக்கு எதிரில் இருக்கிற ஆளைப் படிக்கத் தெரியவில்லை என்று எங்கள் அம்மா என்னிடம் சொன்னாள்.

பிறகு மித்சு பிறந்தாள். ஒரே மகள். அவளை அண்ணன் மூக்கொழுகவிடாமல் வளர்த்தார். வழக்கப்படி வீட்டோடு மாப்பிள்ளை எடுத்திருக்க வேண்டும். அவளோ ஊர்க் கோடி வீட்டு கென்சாகுவைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கென்சாகுவும் ஒரே பிள்ளை, படுத்த படுக்கையான தாயார் வேறு. இரண்டாவதாகப் பிறக்கிற பிள்ளை அண்ணன் வீட்டுப் பேரை எடுக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். ஃபுமி பிறந்தாள். இரண்டாவது வரவில்லை.

ஃபுமிக்கு நாலு வயதாக இருந்த வருஷம், வசந்தத்தில் அண்ணன் மல்பெரிச் சரிவை வெட்டினார். பட்டுப்புழுக் கூட்டை வாங்க ஆள் வரவில்லை. ஆளுக்குமேல் வளர்ந்த மரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொடை உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டு வெட்டி, நடுவில் கோதுமை மாதிரி எதையோ விதைத்தார். அக்டோபர் வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். நான் அன்று அண்ணியோடு ஊறுகாய்க்கு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அண்ணன் முகம் மலர்ந்து வந்தார். பொதி எல்லாம் முழங்காலுக்கும் தொடைக்கும் நடுவில்தான். இரட்டித்தாலும் நாலு அடி. நெஞ்சுவரைக்கும் பனி, அதற்குமேல் இல்லை. அவர் ஆயுசில் இவ்வளவு குறைவாக அளந்ததில்லை.

அண்ணி முள்ளங்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மரத்தத்தான் வெட்டிட்டோமே. அது எங்க ஏறி வெக்கும், ஒங்க தலைமேலயா?"

"அதுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்" என்றார் அண்ணன்.

நான் சிரித்தேன். அண்ணியோடு சேர்ந்து சிரித்தேனா, அண்ணனோடு சேர்ந்து சிரித்தேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்த நாலு அடி வேண்டியிருந்தது. பனி குறைவென்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் யொசாகு போகலாம்.

ஊர்க் கூட்டத்தில் அண்ணன் நாலு அடி என்றார். ஊர்த்தலைவர் ஹெய்சுகே அப்போதே எழுபதைத் தொட்டவர். நாலு அடிக்கு எதற்கு ஆறு ஆள், எங்கள் வீட்டுக் கிழவி விசிறியாலேயே தள்ளிவிடுவாள், என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் சீட்டு எடுக்கவில்லை. நவம்பர் பாதியில் இருபத்தாறு ஆண்களும் ஒரே நாளில் கிளம்பினார்கள். ஊரில் தங்கினது அண்ணன், ஹெய்சுகே, இடுப்பு ஒடிந்த இரண்டு கிழவர்கள். மற்றதெல்லாம் பெண்களும் பிள்ளைகளும்.

கென்சாகு சொல்லிக்கொள்ள வந்தபோது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். போன வருஷச் சம்பாத்தியத்தில் கூரைப்புல்லுக்குமேல் தகரம் போட்டிருந்தான். ஊரில் முதல் தகரக் கூரை. அதில் அவனுக்கு ஒரு பெருமை.

"கவலப்படாதீங்க மாமா. தகரத்துல பனி தானா சறுக்கி விழுந்துடும். மித்சு மேல ஏறவே வேணாம்."

அண்ணனும் தலையாட்டினார். மேலே ஏற வேண்டாம் என்பதை இரண்டு பேரும் யோசித்தார்கள். சறுக்கி எங்கே விழும் என்பதை யோசிக்கவில்லை.

டிசம்பர் முழுக்க அண்ணன் சொன்னதுதான் நடந்தது. பனி இடுப்புவரைகூட வரவில்லை. புது வருஷத்து மோச்சிப் பலகாரத்துக்கு அரிசி இடிக்கும்போது பெண்கள் எல்லாம் அண்ணனைப் புகழ்ந்தார்கள். ஹெய்சுகே, கும்பிடுபூச்சிக்கு ஒரு கோயில் கட்டலாம், பூசாரி தயார், என்றார். புது வருஷத்துக்கு ஒருவரும் திரும்பவில்லை. கூடுதல் கூலி தருகிறார்கள் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணனுக்குத் தபாலில் வாழ்த்து அட்டைகள் வந்தன, உங்கள் புண்ணியத்தில் என்று எழுதி.

ஜனவரி எட்டாம் தேதி ஆரம்பித்தது. அன்றிலிருந்து பதினாலு நாள் நிற்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து பனியைப் பார்க்கிறவள். இப்படி நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் நெஞ்சு தாண்டியது. ஆறாம் நாள் கீழ்த்தளம் இருண்டது. பகலில் விளக்கேற்றினோம். பத்தாம் நாள் மாடி ஜன்னலுக்கு வெளியே படி வெட்டினோம். இறங்குவதற்கு வெட்டின படியில்லை, மேலே ஏறுவதற்கு. கூரையிலிருந்து பனியைத் தள்ள இடமில்லை. கூரையைவிடத் தரை உயரமாகிவிட்டது. பனியைக் கூரையிலிருந்து மேல்நோக்கி வீச வேண்டியிருந்தது. ரயில் நின்றுவிட்டது என்று கீழூரிலிருந்து பனிச்சறுக்குக் கட்டையில் வந்த தபால்காரன் சொன்னான். அதற்குப் பிறகு அவனும் வரவில்லை.

பதினேழு கூரை. ஆள் என்று சொல்ல அண்ணன் ஒருவர். அறுபத்தோரு வயது. பொழுது விடிந்தால் துடுப்போடு கிளம்புவார். ஆண் இல்லாத ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஏறுவார். யார் வீட்டிலும் டீ குடிக்க உட்காரவில்லை. பன்னிரண்டாம் நாள் என் கூரையில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, அண்ணே, கொஞ்சம் உட்காருங்கள், என்றேன். அவர் காதில் விழவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நாலு, நாலு, என்று எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

மித்சு பதினாலாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். படிக்கட்டிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். கண் இமையில் பனி ஒட்டியிருந்தது. உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"அத்தே, நாளைக்குக் காலைல கொஞ்சம் வந்து மேல பாத்துட்டு நிக்கிறீங்களா? மாமியார் ரூம் பக்கம் ஜன்னல தோண்டித் தெறக்கணும். கரிப்புகை வெளிய போகவே மாட்டேங்குது."

"என் கூரைய முடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் எறங்காதே."

"சரி அத்தே."

அந்தச் 'சரி அத்தே' இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெயில் வந்துவிட்டது. பதினாலு நாளைக்குப் பிறகு வெயிலைப் பார்த்ததும் பெண்கள் கூரைகளிலிருந்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் என் கூரையில் பாதி முடித்திருந்தேன். இன்னும் அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய பாயைச் சுருட்டி இழுக்கிற மாதிரி முதலில். பிறகு தரையில் ஓர் அடி. ஊர்க் கோடியில் தகரம் மட்டும் வெயிலில் பளபளவென்று தெரிந்தது. அதில் பனியே இல்லை.

என்ன நடந்தது என்று பிறகு ஃபுமி சொன்னாள். அவளுக்கு ஐந்து வயது. காலையில் பாட்டி மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்தாள். அம்மா ஒரு தடவை மாடி ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேலே பார்க்க ஆள் இல்லை.

நான் பனியில் புதையாமல் இருக்கக் காலில் கட்டுகிற வளையச் செருப்பைக்கூடக் கட்டாமல் ஓடினேன். இடுப்புவரை புதைந்து புதைந்து ஓடினேன். அண்ணன் அப்போது ஹெய்சுகேயின் வீட்டுக் கூரைமேல் இருந்தார். எனக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டார். பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தோம். இரண்டு பேர் கிழவியைப் புகையிலிருந்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். தகரத்திலிருந்து சறுக்கி விழுந்த பனி கல் மாதிரி இறுகும். துடுப்பு உள்ளே போகாது. அண்ணன் வெறும் கையால் தோண்டினார். நகம் பெயர்ந்து ரத்தம் பனியில் சொட்டியது. முதலில் துடுப்பின் பிடி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த கை கிடைத்தது. அவளை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு ஆண்கள் இருந்திருந்தால் கால் மணி நேரம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தோம்.

அண்ணன் அவளுடைய முகத்திலிருந்த பனியைத் தன் கழுத்துத் துண்டால் துடைத்தார். காதுக்குள் இருந்ததையும் துடைத்தார். பிறகு தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், வலது கையைத் தூக்கியபடி. நாங்கள் யாரும் அந்தக் கையை இறக்கச் சொல்லவில்லை. தோகி அண்ணி வந்துதான் இறக்கினாள்.

கென்சாகு வராமல் எரிக்க முடியாது. வடக்குப் பக்கத்து அறையில் மித்சுவைக் கிடத்தி, பனியைச் சுற்றி அடைத்து வைத்தோம். கீழூருக்கு நடந்து போய்க் கொடுத்த தந்தி எப்போது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ரயில் ஓடின இடம்வரை வந்து, மிச்சத்தை இரண்டு நாள் நடந்து, ஆறாம் நாள் மத்தியானம் கென்சாகு வந்தான். காது கறுத்திருந்தது. மித்சுவைப் பார்த்தான். போர்வையைச் சரிசெய்தான். ஊதுபத்தி ஏற்றினான். திரும்பி, கணப்புக்குழி ஓரம் உட்கார்ந்திருந்த அண்ணன் எதிரில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா, எத்தன அடின்னு சொன்னீங்க?"

குரலை உயர்த்தவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"நாலு" என்றார் அண்ணன்.

கென்சாகு தலையைக் குனிந்து வணங்கிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அண்ணன் உயிரோடு இருந்தவரை அவரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பனி பதினைந்து அடி இருந்தது.

மித்சுவை எரித்த பிறகு ஊர் அண்ணனை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. ஊரில் உத்தரம் முறிந்த வீடு இரண்டு. யாரோ அவர் வீட்டுக் கதவு இடுக்கில் கும்பிடுபூச்சிப் பொதியோடு ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போனார்கள். தோகி அண்ணி அதை எடுத்து அடுப்பில் போடப் போனாள். அண்ணன் வாங்கி, பின்பக்கத்துப் பனியில் குத்தி வைத்தார். திட்டினவர்களைவிடத் தேற்றினவர்கள்தான் மோசம். ஹெய்சுகே வந்து, பூச்சி பொய் சொல்லவில்லை கிஹாச்சி, நீ மரத்தை வெட்டிவிட்டுப் படித்தாய், அதுதான் பிழை, அடுத்த தடவை மலைக்கு அந்தப் பக்கம் போய் அளந்து பார், என்று சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. படித்தவன் பிழை, பாடத்தின் பிழை இல்லை. அந்த வருஷம் பனிக்கு அடியில் போன முட்டை எல்லாம் அழுகியிருக்கும், பூச்சியும் என்னை மாதிரி ஏமாந்துபோனது, என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அதில் அவருக்கு ஏதோ ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

மே மாதம் பனி இறங்கி, வெட்டின மல்பெரிக் கட்டைகள் வெளியே தெரிந்தன. அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கட்டைகளில் பொதிகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு மாதம் பனிக்கு அடியில் கிடந்து ஊறி, நசுங்கி, மண் ஒட்டி. அண்ணன் தினமும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அழுகல் வாடைக்காகக் காத்திருந்தார். ஜூன் முதல் வாரம், ஒரு காலையில், மறுபடியும் ஆள் அனுப்பினார்.

கட்டையில் பொதி பிளந்து, குஞ்சுகள் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். ஒவ்வொன்றும் அரிசி நீளம். முன்னங்காலைக் கூப்பிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டையிலும் அப்படித்தான். கதவில் செருகின குச்சியிலும் அப்படித்தான்.

"பாத்தியா ஷிகே. ஒண்ணும் சாகல."

நான் குனிந்து பார்த்தேன்.

"அதுக்குப் பனி ஒரு பொருட்டே இல்ல. மேல கெடந்தாலும் பொரிக்கும், அடில கெடந்தாலும் பொரிக்கும். எந்தக் குச்சி இருக்கோ அதுல வெச்சுட்டுப் போயிடுச்சு. அது யாருக்கும் எதயும் சொல்லல." பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்து குந்திக்கொண்டு, "நாப்பது வருஷம் நாந்தான் பேசிட்டிருந்திருக்கேன்" என்றார்.

குஞ்சு ஒன்று அவர் விரலில் ஏறியது. உதறவில்லை. அது மணிக்கட்டுவரை ஏறி, கீழே விழுந்து, புல்லுக்குள் போயிற்று. அண்ணன் அன்று அழுதார். மித்சு போனபிறகு நான் பார்க்க அவர் அழுதது அன்றுதான்.

அக்டோபரில் ஊர்க் கூட்டம். நடந்ததெல்லாம் நடந்த பிறகும், எல்லோரும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார்கள். இதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. ஹெய்சுகே தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை எத்தனை அடி, சரியாகப் பார்த்தாயா, என்று கேட்டார். ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும், ஊர் அவரைப் பழையபடி ஏற்றுக்கொண்டிருக்கும். பன்னிரண்டு, பதினைந்து என்று கூட்டிச் சொல்லியிருந்தால் ஆறு ஆளும் தங்கியிருப்பார்கள். நான் அப்படித்தான் சொல்லச் சொல்லிக் காலையில் கெஞ்சினேன்.

அண்ணன் எழுந்து நின்றார். ஜூனில் பார்த்ததைச் சொன்னார். பூச்சிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் பெரிய பனி என்றே வைத்துச் சீட்டு எடுங்கள், என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்? கடைசியில் ஹெய்சுகே, அப்படியானால் நாற்றப்பூச்சியைப் பார்க்கலாம், வீட்டுக்குள் நாற்றப்பூச்சி நிறைய வந்தால் பெரிய பனி, இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை, என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆறு சீட்டு இரண்டு சீட்டாயிற்று.

சீட்டு எடுப்பதற்கு முன்னால் பின்வரிசையிலிருந்து கென்சாகு எழுந்தான்.

"நான் இருக்கேன்."

அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து இரண்டு பேரையும் சேர்த்தேதான் பார்க்க முடியும். ஆண் இல்லாத வீடுகளின் கூரையில் கென்சாகு. கீழே பத்தடி தள்ளி அண்ணன், வலது கையைத் தூக்கிக்கொண்டு. இறவாரத்தடியில் கென்சாகு தோண்டினாலும் அண்ணன்தான் மேலே பார்ப்பார். வேறு யார் நின்றாலும் கென்சாகு இறங்க மாட்டான். பேச்சு கிடையாது. கை மேலே இருந்தால் வேலை, கை இறங்கினால் ஓட்டம். மூன்று குளிர்காலத்தில் அந்தக் கை ஒன்பது தடவை இறங்கியது என்று தோகி அண்ணி எண்ணி வைத்திருந்தாள். ஒன்பது தடவையும் கென்சாகு ஓடிவந்து மூச்சு வாங்கி நின்றான். ஒன்பது தடவையும் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபுமி எங்கள் வீட்டில் வளர்ந்தாள். தாத்தா வீட்டுக்குப் போகாதே என்று அவள் அப்பா சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை.

நாலாவது குளிர்காலம் பிப்ரவரியில் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. காய்ச்சலோடு இரண்டு நாள் கை தூக்கி நின்றிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார். கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வலது தோள் வலிக்கிறது என்று அண்ணியிடம் தேய்த்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

பெட்டியைச் சறுக்குப் பலகையில் வைத்துக் கட்டினோம். சுடுகாட்டுக்குப் போகிற பாதை கென்சாகுவின் தகரக் கூரைக்கு அடியில்தான் போகிறது. மற்றப் பக்கம் எல்லாம் பனி மூடியிருந்தது. அன்றும் வெயில் வந்திருந்தது. தகர விளிம்பில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டு போனவர்கள் தயங்கி நின்றார்கள்.

கென்சாகு கூட்டத்திலிருந்து விலகிப் போனான். பத்தடி தள்ளி, அண்ணன் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றான். கூரையை அண்ணாந்து பார்த்தான். வலது கையைத் தூக்கினான்.

"போங்க" என்றான். "நான் மாமாவுக்கு மேல பாத்துக்கிறேன்."

நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம். தோகி அண்ணி பலகையின் பின்னால் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோயில் வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கடந்து வந்துவிட்டோம். அங்கே காப்பாற்ற ஆள் யாரும் இல்லை. அவன் கை இன்னும் இறங்கவில்லை.